விளங்காத காதில் சொன்ன பாவம்

எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு கெட்டித்தனம் அந்த நாட்களில் இருந்தது. ரொறொன்ரோவில் தமிழ்க் குருவானவர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அவருக்கு எங்கள் எல்லோரையும் தெரியும். எந்த ஊர், யார் பிள்ளை, யாருக்கு யார் மச்சான் என்பதுவரை தெரியும். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய கிழமைகளில் ஒரு பாடசாலை மண்டபத்தின் மூலையில் அவர் கதிரை போட்டு இருப்பார், பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவர்கள், முன்னால் முழங்காலில் நிற்பவன் எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். ஆகவே உண்மையிலேயே சொல்வதற்கு ஏதாவது இருந்தவர்கள் அங்கே போவதில்லை. வீட்டுக்குக் கிட்ட உள்ள ஆங்கிலக் கோவிலுக்குப் போய், தமிழில் ஒரு சொல்லும் தெரியாத வெள்ளைக்காரக் குருவின் காதில் தமிழிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார்கள். கடவுளுக்குத் தமிழ் விளங்கும்தானே என்பது அவர்களுடைய நியாயம். இந்த வழியை எனக்குச் சொல்லித்தந்தவர் என்னோடு தொழிற்சாலையில் வேலைசெய்த ஓர் அன்ரி. மலிவாகச் சாமான் கிடைக்கும் கடையைக் காட்டித்தருகிற முகத்தோடு அவர் அதைச் சொன்னார்.

நானும் அப்படிச் செய்தவன்தான். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுத் தவக்காலம் அது. வோபர்ன் பக்கத்தில் நான் இருந்த பேஸ்மென்றிலிருந்து பத்து நிமிட நடையில் அந்தக் கோவில் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம், உள்ளே நாலைந்து பேர் மட்டும். குரு மிகவும் வயதானவர். பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடுவது கேட்டது. நான் எதையும் மறைக்கவில்லை. எனக்கு ஊரில் மனைவி இருக்கிறாள் என்றேன். இங்கே இன்னொரு பெண்ணோடு ஒன்றரை வருடம் குடும்பம் நடத்தினேன் என்றேன். மனைவியையும் மகளையும் கூப்பிடும் படிவத்தைப் பதினாலு மாதம் சூட்கேசுக்குள் வைத்திருந்தேன், அதற்குள் மகள் செத்துப்போனாள் என்றேன். அழுதேன். நான் முடித்ததும் அவர் ஆங்கிலத்தில், நீ வருந்துகிறாயா என்று கேட்டார். ஓமென்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொல்லிவிட்டுப் பாவமன்னிப்பு ஆசீர்வாதம் தந்தார்.

வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. எதிரே இருந்த கடைக்குள் போய்க் கோப்பியும் இரண்டு டோனட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது. இவ்வளவு வருடங்களுக்குப் பிறகு நினைத்தால், செய்த எல்லாவற்றையும்விட அந்த இரண்டு டோனட்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியனாக இருந்தவன். ஒரு மனிதனை இதைவிட அதிகமாகக் கெடுக்கக்கூடிய தொழில் குறைவு. கேட்பவர்களுக்கு மறுத்துப் பேச உரிமை இல்லாத இடத்தில் வருடக்கணக்காகப் பேசிப் பழகிவிடுகிறோம். எண்பத்தெட்டில், மகளுக்கு ஏழு மாதமாக இருந்தபோது, புறப்பட்டு வந்தேன். ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. அகதி வழக்கு முடிந்து நிரந்தர வதிவிடப் பத்திரம் கையில் வந்தது தொண்ணூற்றொன்று தை மாதம். அதோடு மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடும் படிவத்தையும் எடுத்து, ஒரே இருப்பில் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, மண்ணிற உறைக்குள் வைத்து ஒட்டினேன். முத்திரை மட்டும் ஒட்டவில்லை.

அதற்குக் காரணம் அதே தொழிற்சாலையில் மூடி பூட்டும் வரிசையில் நின்ற ஒரு பெண். அவளுடைய புருசனைப் பிடித்துக்கொண்டு போய் நாலு வருடமாகிவிட்டது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அவளைப் பற்றி நான் கெட்டதாக ஒரு சொல்லும் எழுதமாட்டேன். இரண்டு பேருக்கும் குளிராக இருந்தது, இரண்டு பேரும் தனியாக இருந்தோம் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். இங்கே ஆயிரக்கணக்கான ஆட்கள் குளிரிலும் தனிமையிலும் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் நான் செய்ததைச் செய்யவில்லை. உறையைத் தபாலில் போட்டால், அவளோடு நான் குடும்பம் நடத்திய வீட்டின் கதை முடிந்துவிடும். அடுத்த கிழமை போடலாம் என்று சூட்கேசுக்குள், வேட்டிக்குக் கீழே வைத்தேன். அடுத்த கிழமையும் அதையே சொன்னேன். அவள் இடைக்கிடை, மனைவியைக் கூப்பிடும் போம் அனுப்பியாயிற்றா என்று கேட்பாள். அவளுக்கும் ஓமென்று பொய் சொன்னேன்.

மனைவி ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே விடயத்தைக் கேட்டிருந்தாள். பைல் நம்பர் வந்துவிட்டதா என்பதுதான் அது. யாழ்ப்பாணத்தைச் சுற்றி அப்போது யுத்தத்தால் வழியெல்லாம் அடைபட்டிருந்தது. மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு நம்பர் இருந்தால் அதைக் காட்டி வெளியேறப் பாஸ் எடுத்து, கடல்நீரேரியைத் தாண்டி, எப்படியாவது கொழும்புக்குப் போய், நேர்முகத்துக்குக் கூப்பிடும்வரை அங்கே இருக்கலாம். எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் போயின. குடிவரவுக் கந்தோரில் வேலை சுணங்குகிறது, இங்கே எல்லாருக்கும் அப்படித்தான் என்று நான் பதில் எழுதினேன். ஆசிரியனுடைய அழகான கையெழுத்தில், ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதினேன்.

தொண்ணூற்றிரண்டு மாசியில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்க மருந்து இருக்கவில்லை. செய்தி எனக்குக் கிடைத்தபோது அவளைப் புதைத்து மூன்று கிழமை. கொழும்பிலிருந்து மனைவியின் சகோதரன் ரெலிபோனில் சொன்னான். நான் அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன், அது அடிப்பிடித்த மணத்தில்தான் ரெலிபோனை வைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் காலை உறையைத் தபாலில் போட்டேன். படிவத்தில் மகளுடைய பெயர் இருந்தது. அதை வெட்டிவிட்டு அனுப்ப எனக்குக் கை வரவில்லை, அப்படியே போட்டேன். பிறகு கந்தோரிலிருந்து அந்தப் பெயர் பற்றி விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

சூட்கேஸ் திறந்து கிடந்ததையும் உறை இருந்த இடம் வெறுமையாக இருந்ததையும் அந்தப் பெண் கண்டாள். எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. சண்டை போடவில்லை. என்ர முகத்தைப் பாக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு கிழமையில் மொன்றியலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் நான் அந்த ஆங்கிலக் கோவிலுக்குப் போனதும் டோனட் சாப்பிட்டதும்.

மனைவி வந்துசேர்ந்தது தொண்ணூற்று நாலு மாசியில். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் அவள் அழவில்லை. மகளுடைய சின்ன உடுப்புப் பெட்டியைத் தனியாகக் கையில் கொண்டுவந்திருந்தாள், தள்ளுவண்டியில் வைக்க விடவில்லை. நாங்கள் மார்க்கம் வீதிக்குப் பக்கத்தில் ஒரு தொடர்மாடியில் எட்டாம் மாடியில் குடியிருந்தோம். இரண்டாம் மாதமே யூனியன்வில் பக்கம் ஒரு வெதுப்பகத்தில் பாண் பொதிசெய்யும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். வேறு பிள்ளை எங்களுக்குப் பிறக்கவில்லை. டொக்ரர்கள் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

பின்னேரம் வேலையால் வந்து குளித்துவிட்டுச் செபமாலை சொல்வாள். நானும் பக்கத்தில் இருப்பேன். முடிவில் தன்னுடைய மன்றாட்டுகளைச் சொல்லுவாள். மகளுடைய ஆன்மாவுக்கு, ஊரில் உள்ளவர்களுக்கு, காணாமல் போனவர்களுக்கு. கடைசியில் ஒன்று வரும்.

"ஆண்டவரே, எங்கட பைலை வச்சிருந்த அந்தக் கந்தோர்க்காரரை நான் மன்னிக்கிறன். அவரையும் அவரின்ரை பிள்ளையளையும் காப்பாற்றும்."

கந்தோரில் யாரோ ஒருவர் எங்கள் காகிதத்தை மேசைக்குள் போட்டுவிட்டு மறந்துபோனார் என்று அவள் நம்பியிருந்தாள். நான் எழுதிய கடிதங்களைப் படித்தவள் வேறு எதை நம்புவாள்? முதலில் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தாளாம், ஊரில் ஒரு வருடம் முழுக்க. பிறகு அப்படி வைராக்கியத்தோடு இருந்தால் தனக்கு விசர் பிடித்துவிடும் என்று பயந்து, தினமும் மன்னிக்கத் தொடங்கியிருக்கிறாள். ஒரு நாளில் முடிகிற காரியம் அது இல்லை, மருந்து குடிக்கிறமாதிரி ஒவ்வொரு நாளும் செய்யவேண்டும் என்று எனக்கு விளக்கம் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அந்த வருடம் பனி உருகிய பிறகு ஒருநாள், அந்தக் கந்தோரை ஒருக்காக் காட்டச் சொன்னாள். நான் பூசி மெழுகிப் பார்த்தேன், விடவில்லை. பைல்கள் எந்த ஊரில் எந்தக் கட்டிடத்தில் இருந்தன என்று எனக்கே தெரியாது. ரெயிலில் நகர மத்திக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணில் பட்ட ஒரு பெரிய சாம்பல் நிறக் கட்டிடத்தைக் காட்டினேன். அவள் வீதிக்கு இந்தப் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்தாள். மதிய இடைவேளைக்கு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அவருக்கும் பிள்ளையள் இருக்கும். வேணுமெண்டு செய்திருக்கமாட்டார்" என்றாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, போவம் என்றாள். ரெயிலில் வரும்போது என் பக்கத்தில்தான் இருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏற்கனவே பாவசங்கீர்த்தனம் செய்தாகிவிட்டது, கடவுள் மன்னித்ததை மனிதரிடம் கிளறுவானேன் என்று எனக்கு நானே வேதம் ஓதினேன். சொன்னால் அவள் போய்விடுவாள் என்ற பயம்தான் அது. வேறொன்றும் இல்லை.

தவக்காலத்தில் எங்கள் தொடர்மாடியில் வெள்ளிக்கிழமைகளில் ஒரு செபக்கூட்டம் நடக்கும். ஒவ்வொரு கிழமை ஒவ்வொரு வீடு. பத்துப் பதினைந்து பேர் நிலத்தில் விரிப்பு விரித்து இருப்பார்கள். சிலுவைப்பாதைப் பாட்டு ஒன்று, பிறகு விவிலிய வாசிப்பு, பிறகு விளக்கம், பிறகு தேத்தண்ணியும் மீன் இறைச்சி என்று மச்சம் சேராத பலகாரமும். தேத்தண்ணி நேரத்தில் யார் யார் எதை விட்டிருக்கிறார்கள் என்ற கதை நடக்கும். ஒருவர் இறைச்சியை விட்டிருப்பார், ஒருவர் சிகரெட்டை, ஒரு அன்ரி தொலைக்காட்சி நாடகத்தை. நான் சீனியை விட்டிருந்தேன். நாலு தவக்காலமாகச் சீனி இல்லாத தேத்தண்ணி குடித்து, அதை எல்லோரும் காணும்படி முகத்தைச் சுளித்தும் வந்தேன். விளக்கம் சொல்வது என் வேலை. ஆசிரியன், வாய்க்காரன், வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

தொண்ணூற்றேழில் நான் எடுத்தது பழைய ஏற்பாட்டின் சின்ன இறைவாக்கினர் ஒருவரை. சின்னவர் என்பது எழுதிவைத்தது கொஞ்சம் என்பதால்தான். கொடுத்த வாக்கில் நிற்கிற பிரமாணிக்கம் என்றால் என்ன, மனம் திரும்புதல் என்றால் என்ன என்பதை அவரளவுக்குத் தன் சொந்த வீட்டை வைத்துப் படித்தவர் வேறு யாரும் இல்லை. கடவுள் அவரை, நம்பிக்கைக்குத் துரோகம் செய்யப்போகிற ஒரு பெண்ணைக் கட்டச் சொல்கிறார். கட்டுகிறார். பிள்ளைகள் பிறக்கின்றன. அவள் வேறு ஆட்களோடு போய்விடுகிறாள். போய் அவளைத் திரும்ப நேசி, கூட்டிக்கொண்டு வா என்று கடவுள் மறுபடியும் சொல்கிறார். அவர் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறார். என் மக்களும் எனக்கு இப்படித்தான் செய்தார்கள், நானும் அவர்களை இப்படித்தான் நேசிக்கிறேன் என்று கடவுள் சொல்வது அந்த வீட்டுக் கதையிலிருந்துதான்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். நான் நன்றாகப் பேசினேன். அந்தக் கணவருடைய மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இரண்டு அன்ரிமார் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு அண்ணை, இந்தக் காலத்தில் எந்த ஆம்பிளை அப்படி ஒருத்தியைத் திரும்ப எடுப்பான் என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். வழக்கம்போலப் பேச்சு பெண்களைப் பற்றித் திரும்பியது. எடுக்கத்தான் வேண்டும், அதுதான் கிறிஸ்தவம் என்று நான் பெருந்தன்மையோடு சொன்னேன். அந்த இறைவாக்கினருடைய கதிரையில் நானே ஏறி உட்கார்ந்துகொண்டு பேசினேன். வாய் கூசவில்லை.

என் மனைவி கூட்டங்களில் பேசுவதில்லை. தேத்தண்ணிக் கேத்தலைப் பார்க்கக் குசினி வாசலில் நின்றவள், அங்கிருந்தபடியே கேட்டாள்.

"அந்த மனுசி திரும்பி வீட்டுக்குள்ளை வரேக்கை என்ன சொன்னவ?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். அவர் கூட்டிக்கொண்டு வந்ததும், இனி நெடுநாள் என்னோடு இரு என்று சொன்னதும் இருந்தது. அவள் வந்து நின்றபோது சொன்னதாக ஒன்றும் இல்லை.

"அதிலை ஒண்டும் எழுதேல்லை" என்றேன்.

"ஒண்டும் சொல்லாமல் எப்பிடி அந்த வீட்டிலை இருந்தவ?" என்றாள். கேத்தல் கொதித்துவிட்டது, அவள் உள்ளே போய்விட்டாள்.

எனக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி தந்தாள். குடிக்க முடியவில்லை. இத்தனை காலம் அந்தக் கதையில் நான் கணவர் என்று நினைத்துக்கொண்டு படித்திருந்தேன். துரோகம் செய்துவிட்டுத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரப்பட்டது நான். வீட்டுக்குள் வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், மூன்று வருடமாகச் சாப்பிட்டுக் குடித்துக்கொண்டு இருப்பதும் நான்.

அடுத்த நாள் விடிய, அவள் எழும்ப முன்பு, அந்தச் சின்னப் புத்தகத்தைத் திரும்பப் படித்தேன். கூட்டத்துக்கு வாசிக்க நான் ஒதுக்கிவிட்ட பகுதிகளைப் படித்தேன். உங்கள் அன்பு விடியற்காலைப் பனி, வெயில் வரப் போய்விடுகிறது என்று கடவுள் அலுத்துக்கொள்ளும் இடம் இருந்தது. டோனட் கடை ஞாபகத்துக்கு வந்தது. பலி வேண்டாம், அன்புதான் வேண்டும் என்ற இடம் இருந்தது. அங்கே என் சீனி போயிற்று. கடைசிப் பகுதியில், திரும்பி வருகிறவர்களுக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று இறைவாக்கினர் சொல்லியிருந்தார். ஆட்டையோ மாட்டையோ கொண்டுவரச் சொல்லவில்லை. சொற்களைக் கொண்டு வாருங்கள் என்றார். நானும் சொற்களைக் கொண்டுபோனவன்தான். அவை யாருக்குச் சேரவேண்டுமோ அவளிடம் கொண்டுபோகாமல், ஒரு சொல்லும் விளங்காத ஒரு கிழவரிடம் கொட்டிவிட்டு வந்திருந்தேன். அந்தப் பாவம் மனுசன், ஏதோ சின்னக் களவு என்று நினைத்து மூன்று மரியே தந்தார்.

சனிக்கிழமை காலையில் நாங்கள் உடுப்புத் தோய்க்கப் போவோம். தொடர்மாடியின் நிலக்கீழ் அறையில் ஏழெட்டு மெசின்கள் வரிசையாக இருக்கும். அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. காசைப் போட்டு இரண்டு மெசினையும் ஓடவிட்டோம். அறை முழுக்க இரைச்சல். அவள் சுவரோரப் பலகை வாங்கில் இருந்து செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து, மெசினைப் பார்த்தபடி, உம்மட்டை ஒரு விசயம் சொல்லவேணும் என்று தொடங்கினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெசின் நிக்கட்டும். பிறகு சொல்லுங்கோ."

அந்தச் சத்தத்துக்குள் சொன்னால் பாதி கேளாது என்பதற்காகத்தான் நான் அந்த இடத்தைத் தெரிவுசெய்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். முதல் மெசின் நின்றது, பிறகு மற்றது. அவள் எழும்பவில்லை.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அது எனக்குத் தெரியும். வந்த முதல் மாசமே ஆக்கள் சொல்லிப்போட்டினம். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு, "சொல்லிப்போட்டியள். சரி" என்றாள். அவள் முகம் இளகியது. என் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள். மூன்று வருடத்தில் அப்படி நீட்டியதில்லை. அந்த நேரத்தில் நிறுத்திவிடலாம், இவ்வளவு போதும் என்று ஒரு எண்ணம் எனக்கு வந்ததை எழுதாமல் விட்டால் இதை எழுதியே பயனில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மேலே வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"அதில்லை" என்றேன். "கந்தோரிலை ஒரு பிழையும் இல்லை. போம் என்ர சூட்கேசுக்குள்ளைதான் கிடந்தது. பிள்ளை போனாப் பிறகுதான் தபாலிலை போட்டனான்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது, நீட்டிய கையை மெல்ல எடுத்து மடியில் வைத்தாள்.

"எத்தினை மாதம்?"

"பதினாலு."

விரல்களைப் பார்த்தாள். எதையோ எண்ணுகிறாள் என்று நினைத்தேன். எந்த மாதம் கொழும்புக்குப் போயிருக்கலாம், எந்த மாதம் எந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்பதைத்தான் எண்ணியிருப்பாள். நானும் அதை எண்ணியவன், பலமுறை. பிறகு கேட்டாள்.

"அப்ப அந்தக் கட்டிடம்?"

அது எந்தக் கட்டிடம் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் எழும்பி மெசினைத் திறந்து, ஈர உடுப்புகளை எடுத்துக் காயவைக்கும் மெசினுக்குள் போட்டாள். என்னுடைய சேட்டுகளையும் போட்டாள். அவை காயும்வரை நின்றபடியே இருந்தாள். ஒவ்வொன்றாக மடித்தாள், என்னுடையதையும் தன்னுடையதையும், வழமைபோல. மேலே வந்து வேலைக்கு உடுத்திக்கொண்டு, அன்றைக்கு லீவு என்பது ஞாபகம் வந்து, கதவடியில் நின்றாள். பிறகு சப்பாத்தைக் கழற்றினாள். அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. போக அவளுக்கு வேறு இடம் இருந்ததா என்று நான் இன்றைக்கும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியையும் நான்தான் கேட்கவேண்டும், தெரியும்.

அந்த உயிர்ப்புத் திருநாளுக்கு முன்பு பாடசாலை மண்டபத்து வரிசையில் போய் நின்றேன். தமிழ்க் குருவிடம், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் எடுத்தது. பின்னால் மணிக்கூட்டைப் பார்த்தார்கள் என்பது நிச்சயம். மனைவிக்குச் சொல்லியாயிற்றா என்று மட்டும் அவர் கேட்டார். ஓமென்றேன். அன்று வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருபோதும் இருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது உடுப்புத் தோய்த்த அந்தச் சனிக்கிழமைப் பின்னேரத்தைப் பற்றி. நேரத்துக்கு அவள் மெழுகுதிரி கொளுத்தினாள். நான் பக்கத்தில் இருக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவள் ஒன்றும் சொல்லாததால் இருந்தேன். செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடித்தோம். மன்றாட்டுகள் தொடங்கின. மகளுடைய ஆன்மாவுக்கு. ஊரில் உள்ளவர்களுக்கு. காணாமல் போனவர்களுக்கு. அதற்கு அடுத்த இடம் வந்தது. வாய் திறந்தாள். சொல் வரவில்லை. குளிரூட்டிப் பெட்டி இரைகிற சத்தம் கேட்கத்தக்கதாக வீடு அமைதியாக இருந்தது.

"முகம் தெரியாத ஆளை மன்னிக்கிறது லேசாய் இருந்தது" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டு முடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான். காணாமல் போனவர்களுக்கு மன்றாடிய பிறகு அந்த இடத்தில் அவள் நிற்பாள். ஒரு மூச்சு விடும் நேரம், சில நாட்களில் அதைவிடக் கூட. அந்த இடத்தை வேறு எதையும் போட்டு அவள் நிரப்பவும் இல்லை, விட்டுவிட்டுத் தாண்டிப் போகவும் இல்லை. நான் ஒரு நாளும் அந்த நேரத்தில் எழும்பியதில்லை. என்னுடைய சொற்களை நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவளுடையவை இன்னும் வரவில்லை. பக்கத்தில் முழங்காலில் நின்று, ஒவ்வொரு நாளும் அதற்குக் காத்திருக்கிறேன்.